விந்தணு நகர்வு குறைவு: மாத்திரையா, ஊசியா, அறுவை சிகிச்சையா, நேராக ஐவிஎஃப்-ஆ?

விந்துப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த அன்றிரவே பலர் செய்யும் முதல் காரியம், கைப்பேசியில் ஒரு மாத்திரையைத் தேடி ஆர்டர் போடுவது. அறிக்கையில் ‘மோட்டிலிட்டி’ என்ற வரிக்கு எதிரே 18 விழுக்காடு என்று இருக்கும். அம்மாவிடம் சொல்ல முடியாது, நண்பரிடம் சொல்லக் கூச்சம், நிபுணரைப் பார்க்க இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் இன்றைக்கே தொடங்கக்கூடியது மாத்திரை ஒன்றுதான். சிங்கப்பூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக நிற்கும் எனக்கு இந்த அவசரம் நன்றாகவே புரிகிறது. கூட்டம் குறையும்வரை வைட்டமின் அலமாரிப் பக்கம் நின்றுவிட்டு, “அண்ணே, உயிரணு ஓட்டம் கம்மின்னு சொல்லிட்டாங்க, இதுல எது நல்லா வேலை செய்யும்?” என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் உடனே பாட்டிலை எடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டு விஷயம் கேட்பேன். நகர்வு ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? வீட்டில் மனைவிக்கு என்ன வயது? எந்த வழியில் போகலாம் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டு பதில்கள்தான் முடிவு செய்கின்றன. பாட்டிலில் இருக்கும் பெயர் அடுத்தபடிதான்.

முதலில் அறிக்கையைச் சரியாகப் படிக்க வேண்டும்

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆய்வுக்கூடக் கையேட்டின் ஆறாம் பதிப்புப்படி, நூறு விந்தணுக்களை எண்ணினால் அசைபவை 42, முன்னோக்கி நீந்துபவை 30 என்பது கீழ்வரம்பு. இதைப் பலரும் பள்ளித் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்போல எடுத்துக்கொண்டு, கீழே இருந்தால் எல்லாம் முடிந்தது என்று உடைந்துபோகிறார்கள். அந்தக் கோடு போடப்பட்ட விதம் வேறு. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் முடிவுகளை வரிசைப்படுத்தி, அவர்களிலேயே மிகக் குறைவாக இருந்த ஐந்து விழுக்காட்டினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்த கோடு அது. அதாவது கோட்டுக்குக் கீழே இருந்தும் இயல்பாகவே தகப்பனானவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறார்கள்.

நகர்வு விழுக்காட்டை மட்டும் தனியாக வைத்து முடிவெடுக்கவும் கூடாது. விந்தின் அளவு, ஒரு மில்லிலிட்டரில் உள்ள எண்ணிக்கை, முன்னோக்கி நீந்துபவற்றின் விழுக்காடு, இந்த மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஒருவருக்கு 2.5 மில்லிலிட்டர், 30 மில்லியன், 20 விழுக்காடு என்றால் நீந்தக்கூடியவை மொத்தம் 15 மில்லியன். இன்னொருவருக்கு 1.5 மில்லிலிட்டர், 6 மில்லியன், அதே 20 விழுக்காடு என்றால் 1.8 மில்லியன்தான். அறிக்கையில் இருவருக்கும் நகர்வு ஒன்றுதான். போக வேண்டிய பாதை வெவ்வேறு. பொதுவாக 10 மில்லியனுக்கு மேல் இருந்தால் இயல்பான முயற்சிக்கும் ஐயுஐ-க்கும் (விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் விடும் முறை) இடம் இருக்கிறது. 5 மில்லியனுக்குக் கீழே போனால் பேச்சு ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய் முறையின் பக்கம் திரும்புகிறது. ஒரு மில்லியனுக்கும் கீழே என்றால் பெரும்பாலும் இக்சி, அதாவது ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை. இவை கறாரான எல்லைகள் அல்ல. ஆனால் மருத்துவர் மனத்துக்குள் போடும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

ஒரே ஒரு பரிசோதனையை நம்பி எதையும் தொடங்க வேண்டாம். ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் முடிவு நிறைய ஏறி இறங்கும். இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து மாதிரி கொடுக்கச் சொல்வார்கள். ‘சேர்த்து வைத்தால் நல்லது’ என்று அதற்கும் மேல் காத்திருந்தால் எண்ணிக்கை கூடும், நகர்வு குறையும். வீட்டிலிருந்து எடுத்து வருபவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். பொங்கோலிலிருந்தோ ஜூரோங்கிலிருந்தோ எம்ஆர்டி ஏறி, குளிரூட்டிய பெட்டியில் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் குளிரிலேயே நகர்வு மந்தமாகிவிடும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து வர வேண்டும். முடிந்தால் மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் அறையிலேயே கொடுத்துவிடுவது மேல். டெங்கியோ வேறு கடுமையான காய்ச்சலோ வந்துபோயிருந்தால் அதன் பாதிப்பு மூன்று மாதம்வரை விந்தில் தெரியும். காய்ச்சல் கண்டு ஒரு மாதத்தில் எடுத்த அறிக்கையை வைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதில் பொருளில்லை.

சேர்ப்பதற்கு முன் எதை நிறுத்தலாம்

இதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை, ஏனென்றால் இதில் விற்க ஒன்றுமில்லை. ஆனால் பலருக்கு முதல் பலன் கிடைப்பது இங்கேதான். புகைப்பிடித்தலை விடுவது, தொப்பையைக் குறைப்பது, மதுவைக் குறைப்பது எல்லாரும் அறிந்தவை. சூட்டைப் பலர் அறிவதில்லை. விந்தகம் உடலின் மற்ற பகுதியைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவர், உணவகச் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நாள் முழுவதும் நிற்பவர், பத்து மணி நேரம் இருக்கையை விட்டு எழாமல் வண்டி ஓட்டுபவர் என்று நம்மவர்கள் பலர் இந்த வரிசையில் வருகிறார்கள். வேலையை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. தளர்வான உள்ளாடை, இடையிடையே எழுந்து நடப்பது, கான்டோவின் நீராவி அறையையும் வெந்நீர்க் குளத்தையும் தவிர்ப்பது, மடிக்கணினியை மடியில் வைக்காமல் இருப்பது, இவ்வளவையாவது செய்யலாம்.

அடுத்து, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். முடி உதிர்வதற்கு ஃபினாஸ்டெரைட் எடுக்கும் இளைஞர்கள் சிங்கப்பூரில் நிறைய. சிலருக்கு அது விந்தின் தரத்தைக் குறைக்கும், நிறுத்தினால் மீளும். குடல் அழற்சிக்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் சல்ஃபாசலசின் நகர்வைக் குறைக்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் முதல் சந்திப்பிலேயே உங்கள் மருந்துப் பட்டியலை மேசையில் வையுங்கள். எல்லாவற்றையும்விட மோசமானது டெஸ்டோஸ்டிரோன். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசியாகவோ, ‘ஆண்மைக்கு’ என்று களிம்பாகவோ எடுப்பவர்கள் அது விந்தணுவையும் கூட்டும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை தன் ஆணையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தி சுருங்கி, சிலருக்குப் பூஜ்யமாகவே ஆகிவிடும். நிறுத்திய பிறகு மீண்டு வரப் பல மாதங்கள் ஆகலாம். குழந்தை வேண்டும் என்பவருக்கு டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகத் தரவே கூடாது என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்க வழிகாட்டியின் தெளிவான வார்த்தை.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள்

கடையில் அதிகம் விற்பது இந்த வகைதான். கார்னிட்டின், கோஎன்சைம் க்யூ10, துத்தநாகம், செலினியம், வைட்டமின் சி, ஈ, ஃபோலிக் அமிலம், லைகோபின் என்று பல சேர்மானங்களில் வருகிறது. இவற்றின் பின்னால் உள்ள காரணம் நியாயமானதுதான். விந்தணுவின் வால் அடிக்கத் தேவையான ஆற்றல் அதன் நடுப்பகுதியில் சுருண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வருகிறது. கொழுப்பை அங்கே கொண்டு சேர்ப்பது கார்னிட்டின். அங்கே ஆற்றலாக மாற உதவுவது க்யூ10. விந்தணு நீந்தும் திறனைப் பெறுவது விந்தகத்துக்கு மேலே இருக்கும் சுருள் குழாயில். கார்னிட்டின் செறிவாக இருப்பதும் அங்கேதான். விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு நிறைய என்பதால், புகை, சூடு, தொற்று ஆகியவற்றால் வரும் ஆக்சிஜனேற்றம் அதைச் சீக்கிரம் தாக்குகிறது; அதைத் தடுப்பவைதான் ஆன்டிஆக்சிடன்ட்கள்.

காரணம் நன்றாக இருந்தால் பலனும் இருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் சான்றுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஒரு நாளுக்கு 2 முதல் 3 கிராம் கார்னிட்டின் தந்த சிறிய ஆய்வுகள் பலவற்றில் நகர்வு கூடியது. சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. 200 முதல் 300 மில்லிகிராம் க்யூ10 தந்த ஆய்வுகளிலும் நகர்வில் ஓரளவு ஏற்றம் தெரிந்தது. ஆனால் நகர்வு கூடுவதும் குழந்தை பிறப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடந்து, 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்தார்கள். விந்தின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், விந்தில் குறைபாடு உள்ள 170-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கார்னிட்டின், செலினியம், வைட்டமின் சி, ஈ எல்லாம் கலந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் நகர்வில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இன்னொரு பக்கம், 90 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வந்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, குழந்தைப் பிறப்பு சற்றுக் கூடலாம் என்கிறது. நூற்றுக்கு 16 ஆக இருப்பது 17 முதல் 27 வரை போகலாமாம். ஆனால் தரம் குறைந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தப் பலனும் தெரியவில்லை என்று அதே அறிக்கை சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் வைத்து நான் வந்திருக்கும் முடிவு இது. மனைவி இளையவராக இருந்து, காரணம் எதுவும் பிடிபடாமல், நகர்வு ஓரளவுதான் குறைந்திருந்தால், மூன்று மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. அப்படி முயல்வதானால் வெறும் துத்தநாகம், ஃபோலிக் அமிலத்தைவிடக் கார்னிட்டினும் க்யூ10-உம் உள்ளதைத் தேர்வு செய்வேன். லேபிளைத் திருப்பி அளவைப் பாருங்கள். ‘ஆண்களுக்கான கருவள மாத்திரை’ என்று பெரிதாக எழுதிய பல பாட்டில்களில் கார்னிட்டின் ஆய்வில் தந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்காக மூன்று பிராண்டுகளைச் சேர்த்துச் சாப்பிடுவதும் ஆபத்து. ஒவ்வொன்றிலும் செலினியமும் வைட்டமின் ஈ-யும் இருக்கும். கூட்டினால் வரம்பு தாண்டிவிடும். அதிகத் துத்தநாகத்தை நெடுநாள் எடுத்தால் உடலில் செம்பு குறையும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் க்யூ10-ஐத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்.

மூன்று மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். சுருள் குழாயைக் கடந்து வர மேலும் ஒன்றிரண்டு வாரம். மூன்று வாரத்தில் மறுபரிசோதனை எடுத்து ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்பதும் தவறு, ஒன்றரை ஆண்டு சாப்பிட்டுக்கொண்டே ‘பார்க்கலாம்’ என்பதும் தவறு. தொடங்கும் அன்றே முடிக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்கே மறுபரிசோதனைக்கும் மருத்துவர் சந்திப்புக்கும் பதிவு செய்துவிடுங்கள். பணத்தையும் கணக்கில் வையுங்கள். இவற்றுக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது, எல்லாம் கைக்காசு.

உணவிலேயே ஒன்றைச் சேர்க்க விரும்பினால், ஸ்பெயினில் 119 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. தினமும் 60 கிராம் பாதாம், வால்நட், ஹேசல்நட் கலந்து சாப்பிட்டவர்களுக்குப் பதினான்கு வாரத்தில் எண்ணிக்கையும் நகர்வும் கூடின. குறைபாடு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் தேக்கா சந்தையில் வாங்கும் பாதாமால் கெடுதல் ஒன்றும் வராது.

லேகியமும் சூரணமும்

ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பும் லேகியத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் அமுக்கரா சூரணம், பூனைக்காலி விதை, நெருஞ்சில் எல்லாம் கிடைக்கின்றன. அமுக்கராவுக்கு, அதாவது அஸ்வகந்தாவுக்கு, ஓரளவு ஆய்வு இருக்கிறது. எண்ணிக்கை குறைந்த 46 ஆண்களிடம் நடந்த ஒன்றில், தினம் 675 மில்லிகிராம் சாற்றை 90 நாள் எடுத்தவர்களுக்கு எண்ணிக்கையும் நகர்வும் கூடின. 46 பேர் என்பது மிகச் சிறிய எண். அதை வைத்து உறுதி கூற முடியாது. அஸ்வகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததும், தைராய்டு அளவை மாற்றியதும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அதை விற்கவே தடை போட்டது. தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது மூலிகை அல்ல, கலப்படம். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளும் இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளும் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. ‘ஆண்மை விருத்தி’ என்று இணையத்தில் விற்கும் பொருள்களில் சில்டெனாஃபில், டடாலாஃபில் கலந்திருந்ததை ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அவை விறைப்புக்கான மருந்துகள். விந்தணுவின் நகர்வைச் சரிசெய்ய வந்தவை அல்ல. சாப்பிட்டவருக்கு ‘தெம்பு வந்த மாதிரி’ இருக்கும், அறிக்கையில் எண் அப்படியே இருக்கும். இதய நோய்க்கு நைட்ரேட் எடுப்பவருக்கு உயிருக்கே ஆபத்து. பஸ்பம், செந்தூரம் வகைகளில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும். ஈயம் விந்தணுவையே கெடுக்கும். எந்தச் சீட்டும் ஒட்டாத டப்பாவில் வரும் மருந்தை, யார் கொடுத்தாலும் சாப்பிடாதீர்கள்.

விறைப்பும் நகர்வும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் குறித்துச் சேரும் நெருக்கடியில் கணவருக்கு அந்த நேரத்தில் முடியாமல் போவது மிகச் சாதாரணம். அதற்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை உண்டு, கூச்சப்பட ஒன்றுமில்லை. அதை லேகியத்தால் மறைத்து, காரணம் நகர்வுக் குறைவுதான் என்று எண்ணிக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம்.

மருத்துவர் எழுதினால் மட்டும்: ஹார்மோன் மாத்திரையும் ஊசியும்

இரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், விந்தகத்தை இயக்கும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஆகிய ஹார்மோன் அளவுகள் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் புரோலாக்டினும்.

குளோமிஃபின் பெண்களுக்குச் சினைமுட்டை வெளிவரத் தரும் மருந்தாக அறியப்பட்டது. ஆண்களுக்கு அதைத் தருவது பதிவு பெற்ற பயன்பாடு அல்ல. மருத்துவர் தம் பொறுப்பில், பொதுவாகத் தினம் 25 மில்லிகிராம் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் என்று எழுதுவார். மூளையைத் தூண்டி, உடல் தானே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. அதனால் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பவருக்குப் பொருந்தும். எண்ணிக்கை கூடும் வாய்ப்பு நகர்வு கூடும் வாய்ப்பைவிட அதிகம். எல்லா ஹார்மோனும் சரியாக இருந்து நகர்வு மட்டும் குறைந்தவருக்கு இதனால் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. மனநிலை மாறுவதும் பார்வை மங்குவதும் பக்கவிளைவுகள். பார்வை மங்கினால் அன்றே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் இரண்டும் உடல் பருமனால் ஈஸ்ட்ரோஜன் கூடியவர்களுக்குச் சில மருத்துவர்கள் தருபவை.

ஊசிகளில்தான் வேறுபாடு மிகத் தெளிவு. மூளையின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் வராமலே போன ஆண்களுக்கு ஹெச்சிஜி (எல்ஹெச் போலவே வேலை செய்யும் ஹார்மோன்), எஃப்எஸ்ஹெச் ஊசிகள் உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை போட வேண்டியிருக்கும். ஆனால் விந்தணு இல்லாதிருந்த பலருக்கு இதனால் விந்தணு வருகிறது. இவர்கள் மொத்தக் கூட்டத்தில் மிகச் சிறு பகுதியினர். காரணம் தெரியாத நகர்வுக் குறைவுக்கும் எஃப்எஸ்ஹெச் ஊசியை முயல்பவர்கள் உண்டு. விலை அதிகம், சான்று குறைவு.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வரி போதும்: தொற்று இருப்பதை நிரூபித்த பிறகுதான்.

வேரிகோசீல் இருந்தால் கணக்கே மாறும்

விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைத்திருப்பதை வேரிகோசீல் என்பார்கள். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கும். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பேருக்கு இருக்கும். நின்ற நிலையில், மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

தொட்டால் தெரியும் அளவில் புடைப்பு இருந்து, விந்திலும் குறை இருந்தால், நுண்ணோக்கியின் துணையோடு செய்யும் சிறு அறுவை சிகிச்சை நகர்வை உயர்த்த நல்ல வாய்ப்புள்ள வழி. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஸ்கேனில் மட்டும் தெரியும் மிகச் சிறிய புடைப்பை அறுப்பதால் பலன் இல்லை. ஆக, மாத்திரையோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவும் வலியும் அதிகம். ஆனால் இது காரணத்தையே கையாளுகிறது. மனைவிக்கு முப்பதுக்குள் என்றால் இதைத்தான் முதலில் யோசிப்பேன். முப்பத்தெட்டு என்றால் அறுவை சிகிச்சைக்குப் பின் காத்திருக்கும் ஆறு மாதமே பெரிய விலையாகிவிடும்.

ஐயுஐ, ஐவிஎஃப், இக்சி

இவை நகர்வைக் கூட்டுவதில்லை; நகர்வு குறைவாக இருந்தும் வழி ஏற்படுத்துகின்றன. ஐயுஐ-யில் விந்தைக் கழுவி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்துக் கருப்பைக்குள் விடுகிறார்கள். ஒரு முறைக்கான வெற்றி பத்து, பதினைந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மனைவியின் வயதைப் பொறுத்து ஏறும் இறங்கும். இக்சியில் ஒரே ஒரு உயிருள்ள விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்துகிறார்கள். பிரசல்ஸில் 1992-ல் இந்த முறையில் கரு உண்டான செய்தி வெளியான பிறகு, நகர்வு மிகக் குறைந்த ஆண்களின் நிலையே மாறிவிட்டது. விந்தணு எல்லாம் உயிரோடு இருந்தும் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அது பெரும்பாலும் பிறவியிலேயே வாலின் அமைப்பில் உள்ள குறை. எந்த மாத்திரையும் அதை மாற்றாது, இக்சிதான் வழி.

இந்தத் துறையில் சிங்கப்பூருக்கு நீண்ட அனுபவம் உண்டு. இங்கே முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983-ல் பிறந்தபோது அந்தக் குழுவை வழிநடத்தியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினம். இன்று கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்று அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. இருவரும் குடிமக்களாக இருந்து, தொடங்கும்போது மனைவிக்கு நாற்பதுக்குள் இருந்தால், அரசு 75 விழுக்காடு வரை ஏற்கிறது: புதிய சுழற்சிக்கு 7,700 வெள்ளி வரை, உறைய வைத்த கருவைப் பயன்படுத்தும் சுழற்சிக்கு 2,200 வெள்ளி வரை, ஒவ்வொன்றும் மூன்று முறை. ஐயுஐ-க்கும் 2020 முதல் 1,000 வெள்ளி வரை, மூன்று முறை உதவி உண்டு. ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் நிரந்தரவாசியாகவும் இருந்தால் 55 விழுக்காடு, மற்றவர் வெளிநாட்டவர் என்றால் 35. மெடிசேவிலிருந்து முதல் சுழற்சிக்கு 6,000, அடுத்ததற்கு 5,000, அதற்குப் பின் 4,000 வெள்ளி என்று ஆயுளுக்கு 15,000 வெள்ளி வரை எடுக்கலாம். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நிபுணரைப் பார்க்கச் சலுகைக் கட்டணம். நேராகப் போய் நின்றால் முழுக் கட்டணம். இதைத் தெரியாமல் பணம் கட்டுபவர்கள் பலர்.

இரண்டு வீடுகள், ஒரே அறிக்கை

செங்காங்கில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 28, முயன்று ஓராண்டு. கணவருக்கு நீந்தக்கூடியவை 12 மில்லியன், ஹார்மோன் சரி, புடைப்பு இல்லை, புகைப்பழக்கம் உண்டு. இவர்கள் புகையை நிறுத்தி, எடையைக் குறைத்து, கார்னிட்டின், க்யூ10 மாத்திரையை மூன்று மாதம் முயலலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சேர்வது, நாள் எண்ணிக் காத்திருப்பதைவிட நல்லது. மறுபரிசோதனையில் முன்னேற்றம் இருந்தால் இன்னும் சில மாதம்; இல்லையென்றால் ஐயுஐ. அவசரப்பட்டு ஐவிஎஃப்-க்குப் பாய வேண்டியதில்லை.

அதே 12 மில்லியன், ஆனால் மனைவிக்கு 38 என்றால் என் பதில் வேறு. மாத்திரையைக் கணவர் சாப்பிடட்டும், ஆனால் அதன் முடிவுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். மனைவிக்கு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் ஓராண்டு காத்திருக்காமல், ஆறு மாத முயற்சி முடிந்ததுமே நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள். அவருடைய முட்டை இருப்பைச் சோதித்து, ஐவிஎஃப் வரிசையில் இன்றே பெயர் கொடுப்பதுதான் சரி. நாற்பது தாண்டினால் அரசு உதவியின் விதிகளும் இறுகுகின்றன. கணவரின் நகர்வு 18-லிருந்து 25 ஆகும்வரை காத்திருந்து மனைவியின் இரண்டு ஆண்டுகளை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆணின் பரிசோதனை ஒரு மணி நேர வேலை. பெண்ணுக்கான பரிசோதனைகளில் சில வலி நிறைந்தவை. நம் வீடுகளில் இன்னமும் மருமகளைத்தான் முதலில் அழைத்துப் போகிறார்கள். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு. கணவர் முதலில் போகட்டும்.

ஊரில் மனைவி, இங்கே வேலை

இந்தக் கேள்வி கடையில் அடிக்கடி வருகிறது. கல்யாணமாகி நான்கு ஆண்டு, குழந்தை இல்லை, ஊரில் ஏச்சு. ஆனால் ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு என்று கணக்குப் பார்த்தால் சேர்ந்து இருந்ததே மூன்று, நான்கு மாதம்தான். குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்வது ஓராண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையை. இவர்களில் பலருக்கு நோயே இல்லை, நாள்தான் போதவில்லை. மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தைவிட, விடுப்பை மனைவியின் கருத்தரிக்கும் நாள்களோடு பொருத்துவது பெரிய உதவி. மாதவிடாய் தொடங்கிய தேதிகளை ஆறு மாதத்துக்கு வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்தால் எந்த வாரத்தில் ஊரில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். டிக்கெட்டை அதன்படி போடலாம்.

அதோடு, விமானம் ஏறுவதற்கு நான்கு மாதம் முன்பே இங்கே ஒரு விந்துப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அரசு உதவியும் மெடிசேவும் வேலை அனுமதிச் சீட்டுக்காரர்களுக்கு இல்லை என்பதால், பரிசோதனைக்கு முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் செய்வது மலிவு என்றால் போன முதல் வாரத்திலேயே, நான்கு நாள் விலகியிருந்து, செய்துவிடலாம். குறை தெரிந்தால் அறிக்கையை ஊரில் மனைவி பார்க்கும் மருத்துவருக்கும் அனுப்புங்கள். ஊரிலேயே ஐயுஐ செய்வதா, விந்தை உறைய வைத்துவிட்டு வருவதா என்று அவரோடு பேசி முடிவெடுக்க விடுப்பின் முதல் பத்து நாளுக்குள் நேரம் ஒதுக்குங்கள்.